மருந்துக் கீரை

கீரைக்காரி காலிக் கூடையைக் கொட்டகை ஓரம் கவிழ்த்து வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவக் குனிந்தபோதுதான் வயலுக்குள்ளிருந்து அவள் புருஷன் கேட்டான்.

"ரெண்டாம் பாத்தியில எதுக்கு அறுத்த?"

கேட்டதில் கோபம் கிடையாது. அந்த மனுஷனுக்குக் கோபம் வருவதே அபூர்வம். குரல் மட்டும் ஒரு மாதிரி தொங்கிப்போயிருந்தது. அதுதான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"மூணாம் பாத்தியிலதானே துணி கட்டியிருக்கீங்க. அதான் அதை விட்டுட்டு ரெண்டுல அறுத்தேன்."

"மூணுலயா? நான் முந்தாநாள் சாயங்காலம் ரெண்டுலதானே அடிச்சேன். ரெண்டுலதானே குச்சியும் நட்டேன்."

இந்த இடத்தில் துணி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. அந்தப் பக்கத்தில் காய்கறியும் கீரையும் போடுகிற எல்லோருக்கும் ஒரே பழக்கம். பூச்சிக்கு மருந்து அடித்த பாத்தியின் தலைமாட்டில் ஒரு குச்சியை நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். துணி இருக்கும்வரை அந்தப் பாத்தியில் யாரும் கைவைக்கக் கூடாது. மருந்துக்குச் சொன்ன நாள் கணக்கு கழிந்ததும் அடித்தவனே வந்து பிடுங்குவான். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், யாரையும் போய்க் கேட்க வேண்டாம். அவள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தத் துணி ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

நேற்று சர்வேக்காரர்கள் வந்திருந்தார்கள். நகரத்தைச் சுற்றிப் பெரிய ரோடு ஒன்று வரப்போகிறது. அது இவர்கள் நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போகப்போகிறது. மூன்று கால் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்து, வயல் நெடுக முளைக்குச்சிகள் அடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டினார்கள். இவர்களுடைய குச்சி அவர்களுடைய கோட்டிலிருந்து நாலடி தள்ளி நின்றிருக்கிறது. தங்கள் முளைதான் இடம் மாறிவிட்டது என்று எவனோ நினைத்துக்கொண்டு, அதைப் பிடுங்கி, கோட்டுக்கு நேராக மூன்றாம் பாத்தியில் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். பொறுப்பான ஆள்தான். ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அவள் பார்த்தது அந்தத் துணியை மட்டும்தான். நாடாவுக்கும் தங்கள் பழைய சட்டைத் துணிக்கும் வித்தியாசம் தெரியும் அவளுக்கு. அந்தத் தைரியத்தில்தான் ரெண்டாம் பாத்தியில் உட்கார்ந்து அறுத்தாள்.

"வாடை வரலையா உனக்கு?"

"மூணு நாளா மூக்கடைச்சுக் கிடக்கேன். தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"எத்தனை கட்டு?"

"முப்பத்தாறு."

"மிச்சம்?"

அவள் கவிழ்ந்து கிடந்த கூடையைக் காட்டினாள். அவன் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடித்தது பழைய மருந்தாக இருந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. இந்தத் தடவை புழு எதற்கும் மசியவில்லை என்று கடைக்காரர் புதுசாக ஒன்றைக் கொடுத்திருந்தார். மஞ்சள் மூடி போட்ட பாட்டில். பத்து நாளைக்கு ஆடுமாடுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

மணி ஒன்பது ஆகிறது. அந்த முப்பத்தாறு வீட்டிலும் கீரை இந்நேரம் கழுவும் தொட்டிக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் போகப்போகிறது.

"கழுவித்தானே சமைப்பாங்க" என்றான் அவன், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"எங்க கழுவறாங்க. தண்ணிக்குக் காட்டிட்டு எடுத்துடுவாங்க."

கூடையை விட்டுவிட்டு ஒரு கோணிப்பையை மட்டும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். முகம்கூடத் துடைக்கவில்லை. ரோட்டை எட்டும்போது பின்னாலிருந்து அவன் ஓடிவந்தான்.

"இங்க பாரு. எல்லாத்தையும் வாங்கிட்டு வந்துடு. ஆனா பாத்துப் பேசு."

பாத்துப் பேசு. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் தெரியும்.

பாதி நிலம் ரோட்டுக்குப் போய்விட்டால், மிச்ச நிலத்தில் விளைவதை நம்பிக் கொண்டுபோய் விற்க அவர்களுக்கு இருந்தது அந்த அடுக்குமாடி வீடுகளின் வாசல் ஒன்றுதான். பத்து மாடிக் கட்டடம். மொத்த மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கினால் கீரைக்கு மரியாதையே கிடையாது, வாடல் என்று காலால் தள்ளுவார்கள். இந்த வாசலில் அப்படியில்லை. ரெண்டு வருஷம் மழை, வெயில் பார்க்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி, ஒரு கட்டுக்கு நாலு தண்டு கூடுதலாக வைத்துப் பிடித்த வாசல். அங்கே போய் இன்றைக்கு என்னவென்று சொல்வது?

பஸ் ஆமையாக ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் யார் யார் வாங்கினார்கள் என்று விரல் மடக்கினாள். பெயர் ஒருத்தருடையதும் தெரியாது. அவளாக வைத்த பெயர்கள்தான். கண்ணாடி டீச்சர், பேரம் ஐயா, ரெண்டு நாய்க்காரி, மருதாணிக் கை, ஓட்டப்பந்தயக்காரர் (காலையில் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்), மாமியாரும் மருமகளுமாக வந்து ஆளுக்கொரு கட்டு தனித்தனியாக வாங்குகிறவர்கள். கடைசியில் மூன்றாவது மாடிப் பொண்ணு. இடுப்பில் பெண் குழந்தையோடு வருவாள். அந்தச் சின்னது கூடைக்குள் கைவிட்டு இலையைப் பிய்க்காமல் ஒருநாளும் போகாது. இன்றைக்கும் பிய்த்தது. "இன்னிக்கு வேற சமைச்சாச்சு அக்கா. இது நாளைக்கு" என்று சொல்லித்தான் அந்தப் பொண்ணு வாங்கிப் போனாள்.

அந்த ஒரு வீட்டை நினைத்தபோது மட்டும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. அது நாளைக்குத்தான். அந்த வீட்டுக்குக் கடைசியில் போனால் போதும்.

வாசலில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அவள் வைத்த பெயர் விசில். வண்டி வந்தாலும் ஊதுவார், நாய் வந்தாலும் ஊதுவார், ஒன்றுமே வராவிட்டால் விசில் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார். நல்ல மனுஷன்.

"என்னக்கா, மறுபடியும்? எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்து வைத்திருந்தது ஒன்று. ஆனால் அவர் பின்னால் ரெண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், ரெண்டு பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பாத்துப் பேசு என்ற குரல் காதில் விழுந்தது.

"காலையில குடுத்த கீரை மாறி வந்துடுச்சு அண்ணே. அது வேற. அது... மருந்துக் கீரை. எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டுப் போகணும்."

மருந்து அடிச்ச கீரை என்று சொல்லியிருந்தால் பச்சைப்பிள்ளைக்கும் புரிந்திருக்கும். அடிச்ச என்ற ஒரு சொல்லை அவள் விழுங்கிவிட்டாள். வேண்டுமென்றே விழுங்கினாளா, பயத்தில் தொண்டையில் நின்றுவிட்டதா என்று கேட்டால், ரெண்டும்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"மருந்துக் கீரையா?" விசிலின் முகம் மலர்ந்தது. அது மலர்ந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் திருத்தவில்லை. அந்த நிமிஷம் அவளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, அதை நினைத்துத்தான் பின்னால் அவள் மண்டையில் அடித்துக்கொண்டாள்.

விசில் போனை எடுத்தார். எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சேதி போடுகிற குழு ஒன்று அதில் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் அறிவிக்கிறவர் மாதிரி பேசினார். "கீரை வாங்குனவங்க கவனத்துக்கு. காலையில கீரைக்காரம்மா குடுத்தது மருந்துக் கீரையாம். மாத்திக் குடுத்துட்டாங்களாம். தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க. வாசல்ல நிக்கறாங்க."

"அவசரம்னு சொல்லுங்க அண்ணே."

"அவசரமாம்" என்றும் சேர்த்தார்.

முதல் கால் மணி நேரத்தில் கட்டுகள் இறங்கி வந்தன. வேலைக்கார அம்மாக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். மருதாணிக் கை தானே வந்தாள். மாமியார் கட்டு வந்தது, பத்து நிமிஷம் கழித்து மருமகள் கட்டும் தனியாக வந்தது. ஒவ்வொன்றாகக் கோணியில் போட்டு எண்ணினாள். பதினாலு. ஒவ்வொரு கட்டு விழும்போதும் நெஞ்சில் ஏறியிருந்த ஒரு கல் இறங்கிற்று. யாராவது சாப்பிட்டீங்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். சிரித்த முகத்தோடு, "சமைச்சுட்டீங்களோன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னாள். இல்லை, இனிமேல்தான் என்றார்கள்.

பதினாலோடு நின்றுபோயிற்று.

அவள் வாசலைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். ஜன்னல் ஒன்றில் புகை தள்ளும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் வருகிற வாசனை என்னவென்று பிடிக்கவும் மூக்கு உதவவில்லை.

"நான் மேல போய்க் கேக்கட்டுமா?"

"போங்க. நான் வாசலை விட்டு வர முடியாது."

ரெண்டு வருஷத்தில் அவள் உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. லிப்ட்டுக்குள் ஏறப் பயம். படி ஏறினாள். எல்லாக் கதவும் ஒரே நிறம், ஒரே கைப்பிடி. தட்டினால் கை வலிக்கிறதே தவிர உள்ளே கேட்பதில்லை. அப்புறம்தான் பக்கத்தில் இருந்த பித்தான் கண்ணில் பட்டது. அழுத்தினாள். யார் யாரோ திறந்தார்கள். சிலர் கீரையே வாங்காதவர்கள். ரெண்டு நாய்க்காரி கதவைத் திறந்தபோது நாய்கள் கோணியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே உள்ளே ஓடின. அவள் மூக்குக்குத் தெரியாத வாடை நாய்களுக்குத் தெரிந்தது. கண்ணாடி டீச்சர் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டுக் கேட்டதில், கீரை கைப்பையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டதாம். "பையிலயே இருக்கட்டும், தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு.

ஆறாவது மாடியில் பேரம் ஐயா கதவைத் திறந்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கட்டுக் கீரைக்கு அவர் பேசுகிற பேச்சில் ஒரு வீட்டையே வாங்கிவிடலாம்.

"கீரையைக் குடுங்கய்யா."

"எதுக்கு?"

"மாறி வந்துடுச்சுங்க."

"அது எனக்கும் வந்துது சேதி. மருந்துக் கீரை. அதான் கேக்கறேன், நான் எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? காசு குடுத்து வாங்கியாச்சு. விலை உசந்த சாமானைத் தெரியாம வித்துட்டு, இப்ப வந்து கையை நீட்டினா ஆச்சா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கோணியின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"மூட்டு வலிக்கு நல்லதாமே" என்றார் அவர், குரலைத் தணித்து, ரகசியம் பேசுகிற மாதிரி. "ஏழாவது மாடிக்காரர் போட்டிருக்காரு. ரசத்துல போடணுமா, பச்சையா அரைச்சுக் குடிக்கணுமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போம்மா."

கட்டுகள் ஏன் பதினாலோடு நின்றன என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. திருப்பிக் கொடுத்தவர்கள் அவளுக்காகப் பரிதாபப்பட்டவர்கள். மற்றவர்கள் எல்லோரும் கிடைத்தது லாபம் என்று வைத்துக்கொண்டவர்கள்.

"குடிக்காதீங்க" என்றாள். "ஐயா, அது பூச்சிக்கு அடிச்ச மருந்து. முந்தாநாள் அடிச்சது."

"என்னது?"

"விஷம்யா."

அந்தச் சொல்லை அவள் அதுவரை வயலில் வைத்துச் சொன்னதே கிடையாது. அவள் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் யாருமே சொல்வதில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே மருந்து என்பார்கள். பயிருக்கு வந்தது நோய், அதற்கு அடிப்பது மருந்து. அப்படிச் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அது மருந்தாகவே ஆகிப்போயிருந்தது.

பேரம் ஐயா உள்ளே போய், கட்டை ரெண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து கோணியில் போட்டார். பேரமே பேசவில்லை.

அவள் ஆறு மாடியும் ஓடி இறங்கினாள். விசில் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க கீரை பெரிய ஆளாயிடுச்சு. ரத்தம் ஊறுமான்னு கேக்கறாங்க. சர்க்கரைக்கு ஆகுமான்னு கேக்கறாங்க. மூணாவது மாடியில கேட்டிருக்காங்க, ஒரு வயசுக் குழந்தைக்குச் சளி இருக்கு, குடுக்கலாமான்னு. யாரோ தாராளமான்னு போட்டிருக்காங்க."

"எப்ப?"

"என்ன எப்ப?"

"எப்பக் கேட்டாங்க அண்ணே?"

அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஒரு அரை மணி நேரம் இருக்கும்."

அவள் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறைதான். "அமுக்குங்க. நான் பேசறேன்" என்றாள். அவர் அமுக்கினார். ரெண்டு வருஷமாகக் கட்டிக் காத்த வாசல் அவள் கண் முன்னால் போவது தெரிந்தது. போகட்டும் என்று நினைத்தாள்.

"கீரைக்காரி பேசறேன். அது மருந்துக் கீரை இல்ல. மருந்து அடிச்ச கீரை. பூச்சி மருந்து. விஷம். யாரும் வாயில வைக்காதீங்க. வெச்சிருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

சொல்லி முடிக்கும் முன்பே படியில் ஏறிவிட்டாள். பின்னால் விசில் ஊதுகிற சத்தம் கேட்டது. எதற்கு ஊதினாரோ, அவருக்கே தெரிந்திருக்காது.

மூன்றாவது மாடியில் நாலு கதவு. எதென்று தெரியவில்லை. நாலு பித்தானையும் ஒன்று மாற்றி ஒன்று அழுத்தினாள். மூன்றாவது கதவு திறந்தது. கையில் கிண்ணமும் கரண்டியுமாக அந்தப் பொண்ணு நின்றாள். பின்னால் உயரமான நாற்காலியில் சின்னது உட்கார்ந்திருந்தது. வாயைச் சுற்றிப் பச்சை. கீரைக்காரியைப் பார்த்ததும் அது கையை நீட்டிச் சிரித்தது.

"வாங்கக்கா. திருப்பித் தரலைன்னு கோவமா?" என்றாள் அந்தப் பொண்ணு. "நாளைக்குன்னுதான் பிரிட்ஜ்ல வெச்சேன். மருந்துக் கீரைன்னு சொன்னீங்களா, இவளுக்கு வேற நாலு நாளா சளி. அதான் உடனே வேகவெச்சு மசிச்சுட்டேன். வேணும்னா பணம் கூடப் போட்டுக் குடுத்துடறேன்."

நாளைக்குத்தான் என்று கடைசியில் தள்ளிய வீடு அது. அவள் சொன்ன சொல்தான் நாளையை இன்றைக்கு இழுத்து வந்திருக்கிறது. கீரைக்காரி கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அது தரையில் உருண்டு சுவரில் பச்சையாகத் தெறித்தது.

"விஷம்மா. பூச்சி மருந்து. எத்தனை வாய் குடுத்த?"

அந்தப் பொண்ணுக்குச் சட்டென்று புரியவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. "மருந்துன்னு சொன்னீங்களே" என்றாள்.

"எத்தனை வாய்?"

"நாலு. அஞ்சு. ஒண்ணைத் துப்பிட்டா."

குழந்தையைத் தூக்கியது யார், கதவைச் சாத்தியது யார் என்று பிறகு ரெண்டு பேருக்குமே நினைவில்லை. ஆட்டோவில் அந்தப் பொண்ணு குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அது ஆட்டோக் குலுக்கலுக்குச் சிரித்தது. அப்புறம் சிரிப்பதை நிறுத்தியது. வாயோரம் எச்சில் வழிந்தது. பல் முளைக்கிற குழந்தைக்கு எச்சில் வழியத்தான் செய்யும் என்று கீரைக்காரி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகுதான், அந்த முந்தானையில்தான் காலையில் கைகளைத் துடைத்தோம் என்று நினைவு வந்தது. அதைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டுக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா குழந்தையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "என்ன சாப்பிட்டுது?"

"கீரை" என்றாள் தாய்.

"கீரையில என்ன?"

தாய் கீரைக்காரியைப் பார்த்தாள். "பூச்சி மருந்து" என்றாள் கீரைக்காரி.

"பேரு?"

பேர் தெரியாது. கடையில் பேர் சொல்லி யார் வாங்கினார்கள்? புழுவைச் சொல்வார்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். "மஞ்ச மூடி போட்டிருக்கும். மண்டையோடு படம் இருக்கும்."

"எல்லாத்துலயும் மண்டையோடு இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. அலுத்துக்கொள்ளாமல் சொன்னார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லுங்க. சீக்கிரம்."

அதற்குள் குழந்தை வாந்தி எடுத்தது. உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

புருஷனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான். பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள். அரை மணிக்குள் வந்து நின்றான். பஸ்ஸில் வந்திருந்தால் அந்நேரத்துக்கு வந்திருக்க முடியாது. சர்வேக்காரர்கள் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். ஜீப் ஓட்டிய ஆள் வாசலில் நின்று, "குழந்தைக்கு என்னங்க ஆச்சு?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். குச்சியைப் பிடுங்கி நட்டது அவனாகவும் இருக்கலாம். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய, அவன் பிடுங்கியது ஒரு குச்சியைத்தான்.

பாட்டிலை நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் மத்தியானம் முழுக்க அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெஞ்சில் அந்தப் பொண்ணும் அலுவலகத்திலிருந்து ஓடிவந்த அவள் புருஷனும். எதிர்ப் பெஞ்சில் இவர்கள் ரெண்டு பேரும். நடுவில் துடைத்த தரை. விசில் போன் பண்ணி, மிச்ச எல்லாக் கட்டும் வந்துவிட்டது, டீச்சர் பையில் இருந்ததுகூட வந்துவிட்டது, வேறு யாரும் சாப்பிடவில்லை என்று சொன்னார். முப்பத்தைந்து கட்டு. அவளுக்கு அதில் சந்தோஷப்படத் தெம்பில்லை. ஒவ்வொரு முறை கதவு அசையும்போதும் எழுந்து நின்றாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் பயமாக இருந்தது. கேட்காவிட்டால் அதைவிடப் பயமாக இருந்தது. சாமி, அழட்டும், அழுதுகொண்டே இருக்கட்டும் என்று வேண்டினாள்.

நாலு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். உள்ளே போனது கொஞ்சம்தான், அதிலும் பாதி வாந்தியில் வந்துவிட்டது, எதற்கு எது கொடுக்க வேண்டும் என்று பாட்டிலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது என்றார். "இனி பயமில்ல. நாளைக்குக் காலை வரைக்கும் எங்க பார்வையில இருக்கட்டும்."

அந்தப் பொண்ணு அழவில்லை. எழுந்து நடுவில் இருந்த தரையைக் கடந்து வந்து கீரைக்காரி எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று கீரைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"தெரிஞ்சுதானே வந்தீங்க, எல்லாத்தையும் திருப்பி வாங்க. அப்புறம் ஏன் மருந்துன்னு சொன்னீங்க?"

"எங்க பக்கம் அப்படித்தாம்மா சொல்லுவோம்" என்றாள். உண்மைதான் அது. ஆனால் முழுசும் இல்லை. அந்தப் பொண்ணு நகராமல் நின்றாள்.

"பயம்மா" என்றாள் கீரைக்காரி. "நாளையிலேர்ந்து யாரும் வாங்க மாட்டீங்களேன்னு பயம். அதான் மென்னு முழுங்கிட்டேன்."

அந்தப் பொண்ணு தலையாட்டினாள். மன்னித்த தலையாட்டல் இல்லை அது. கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி. திரும்பிப் போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் கீரைக்காரி அறுக்கப் போகவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதவோரமாக எட்டிப் பார்த்தாள். சின்னது கட்டிலில் நின்றுகொண்டு கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகத் தைரியம் வராமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பினாள். வழியில் அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ் வந்தது. அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

வயலில் முப்பத்தைந்து கட்டையும் குழி தோண்டிப் புதைத்த இடம் ஈரமாக இருந்தது. முளைக்குச்சிகளில் சிவப்பு நாடாக்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அவள் புருஷன் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான். கக்கத்தில் ஒரு குச்சி, அதில் இந்தத் தடவை சிவப்போடு வெள்ளைத் துணியும் சேர்த்துக் கட்டியிருந்தான்.

"குழந்தை?"

"நல்லா இருக்கு."

அவன் தோளில் பட்டையைச் சரிசெய்துகொண்டான். "நாலாம் பாத்திக்கும் புழு ஏறிடுச்சு. இப்ப விட்டா ஒண்ணும் மிஞ்சாது. அடிச்சுட்டு வந்துடறேன்."

"என்ன அடிக்கப் போறீங்க?"

"மருந்துதான்."

அவள் வழியில் வந்து நின்றுகொண்டாள். "பேரைச் சொல்லுங்க."

"எதோட பேரை?"

"உங்க முதுகுல இருக்கறதோட பேரை. நேத்து பத்து மாடிக்கும் கேக்கற மாதிரி நான் சொன்னேன். நீங்க எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லுங்க. சொல்லிட்டு அடிங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பாத்தியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். முப்பது வருஷமாக அவனும், அவனுக்கு முன்னால் அவன் அப்பாவும் அந்தச் சொல்லை அந்த மண்ணில் நின்று சொன்னதில்லை. உதடு ஒருமுறை கூடிற்று, அப்புறம் விட்டுவிட்டது.

அவன் தோளிலிருந்து பட்டையைக் கழற்றித் தெளிப்பானை வரப்பில் இறக்கி வைத்தான். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை திருகிப் பார்த்தான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலாம் பாத்தியில் புழு இலையைத் தின்றுகொண்டிருந்தது.